மரத்தில் மின்சாரம் ஓடாது

வீட்டில் கட்டிய விமானத்தில் ஸ்டார்ட்டர் திணறினால் பேட்டரிதான் திட்டு வாங்கும். எனக்கு பெர்னார்ட் பீட்டன்போல் ஞாபகம் வருகிறார். 1929இல், மினசோட்டாவின் செர்ரி குரோவில், ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை மரவிமானத்தில் பொருத்திப் பறந்தவர். சுமார் 40 குதிரைசக்திதான். ஒவ்வொரு கிலோவும் பாரம். காரில் இருந்த ஸ்டார்ட்டர் இதில் கிடையாது. புரொப்பெல்லரைக் கையால்தான் சுற்றணும். அசந்தால் கை போச்சு!

அதே மாதிரி மரவிமானத்தில் இன்று ஸ்டார்ட்டர் வைக்கும் சிலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். காரில் இரும்புச் சட்டமே மின்சாரம் திரும்பும் வழி. மரத்தில் அது ஏது? இன்ஜினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் தடித்த கேபிள் தனியாகப் போகணும். இக்னிஷனை அணைத்து, புரொப்பெல்லர் பக்கம் ஆளில்லாமல் ஸ்டார்ட்டரை அழுத்தும்போது, அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் முனையைக் கழற்றி, பச்சைக் களிம்பைச் சுரண்டுங்கள்.