முதல் றைபிள் வாங்க முன்னர்: ஊரிலும் கனடாவிலும் சுவிஸிலும் சட்டம் சொல்வது

சாட்டியில் துவக்கு என்றால் வேட்டை ஞாபகத்துக்கு வருவதில்லை. 1990 ஓகஸ்டில் தீவகம் படையினரிடம் வீழ்ந்ததும், கடற்படையின் காவலரண்களும், நவம்பர் 27 இல் விளக்கேற்றும் துயிலும் இல்லமும்தான் வரும். ஆனால் இதே வேலணை, புங்குடுதீவுச் சனத்தின் பிள்ளைகள் பலர் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் வளர்ந்தவர்கள். அங்கே மான் வேட்டையும் சுடுகளமும் சாதாரண பொழுதுபோக்கு. அரைத் தானியங்கி றைபிள் ஒன்று வாங்கலாமா என்று கேட்பவருக்கு, எந்த மொடல் நல்லது என்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் கையில் இருப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?

முதலில் ஊர் நிலைமை. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கு மாவட்டச் செயலகத்திலும், தற்பாதுகாப்புக்கானதற்குப் பாதுகாப்பு அமைச்சிலும் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ரி-56 போன்றவற்றைப் பொதுமக்கள் வைத்திருக்க வழியே இல்லை. அதனை உடைமையில் வைத்திருந்ததற்காக மேல் நீதிமன்றங்கள் ஆயுள்தண்டனை விதித்திருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்து வளவு துப்புரவாக்குபவர்களும் கிணறு இறைப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். துருப்பிடித்த துவக்கோ ரவையோ மண்ணுக்குள் கிடந்தால் தொடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நினைவுப்பொருளாக எடுத்துவைக்கவும் வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டு 119 க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

கனடாவில் வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவது கடைசி வேலை. சுடுகலன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்திலும் செய்முறையிலும் சித்தியடைந்த பிறகே உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. விண்ணப்பத்தில் தற்போதைய துணையினதும், கடந்த இரண்டு ஆண்டுக்குள் பிரிந்த துணையினதும் விபரத்தைக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒப்பமிடாவிட்டால் அவர்களுக்கு அறிவித்தல் போகும். குடும்ப வன்முறையால் அல்லற்பட்ட பெண்களுக்கு இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு. வீட்டில் இப்படியொரு விண்ணப்பம் நிரப்பப்படுவதை அறிந்தால் தயங்காமல் பேசுங்கள்.

அடுத்தது மொடல். 2020 மே மாதம் ஏஆர்-15 உட்பட ஏறத்தாழ 1,500 மொடல்கள் தடைசெய்யப்பட்டன. 2024 டிசம்பரில் மேலும் 324 சேர்ந்தன. பழைய விலைப்பட்டியலையோ நண்பனின் சொல்லையோ நம்பாமல், வாங்கும் நாளிலேயே கனடிய மத்திய பொலிசாரின் பட்டியலைப் பாருங்கள். மலிவு என்பதால் பலரின் முதல் தெரிவாக இருந்தது எஸ்கேஎஸ். இதன் சீன வடிவத்தின் பெயரும் ரி-56 தான்! நாங்கள் வீதித்தடைகளில் பார்த்த ரி-56 வேறு துவக்கு. இது தானியங்கி அல்ல, ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு வெடிதான். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே 7.62 ரவைதான். அந்தச் சத்தத்தைச் சுடுகளத்தில் மீண்டும் கேட்க மனம் தாங்குமா என்பதை அவரவர்தான் அறிவார்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது வாங்கிய பிறகு, 'கொஞ்சம் மாற்றியமைப்போம்' என்னும் இடத்தில். குறிபார்க்கும் கண்ணாடி, தோள்வார், வசதியான பிடி போன்றவை பொதுவாகச் சிக்கலில்லை. ஆனால் இந்த வகை றைபிளின் மகசினில் ஐந்து ரவைக்கு மேல் போகக்கூடாது. எஸ்கேஎஸ்ஸின் பத்து ரவைக் கூட்டை ஆணி அடித்து ஐந்தாக அடைத்துத்தான் விற்கிறார்கள். அந்த ஆணியைக் கழற்றினால் உங்களிடம் இருப்பது தடைசெய்யப்பட்ட பொருள். குழலை வெட்டி 457 மில்லிமீற்றருக்குக் கீழ் குறைத்தாலும் அப்படித்தான். தானியங்கியாக மாற்றினால் பத்து ஆண்டுவரை சிறை.

இங்கே பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு இரட்டை ஆபத்து. பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தீர்ப்பு வந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தாலோ, நிரந்தர வதிவிட உரிமையே பறிபோய் நாடுகடத்தப்படலாம். ஒரு ஆணிக்காகக் கொழும்பு விமானத்தில் ஏற்றப்படும் அளவுக்கு விஷயம் போகாவிட்டாலும், பொலிஸ் பதிவு ஒன்று பிரஜாவுரிமை விண்ணப்பத்தை முடக்கப் போதும்.

சுவிஸில் கதை வேறு. 2019 மே 19 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 வீதமானோர் இறுக்கமான சட்டத்தை ஏற்றார்கள். பத்து ரவைக்கு மேற்பட்ட மகசினுடன் அரைத் தானியங்கி றைபிள் வாங்க இப்போது விசேட அனுமதி வேண்டும். ஆனால் எங்களவர்களில் பலர் அந்தக் கட்டத்துக்கே வரமுடியாது. சுவிஸ் ஆயுதக் கட்டளையின் 12 ஆம் பிரிவு சில நாட்டுப் பிரஜைகள் ஆயுதம் வாங்கவும் வைத்திருக்கவும் தடைவிதிக்கிறது. அல்பேனியா, அல்ஜீரியா, துருக்கி முதலியவற்றோடு அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு 'சி' வதிவிட அட்டை இருந்தாலும் தடைதான். போரிலிருந்து தப்பி ஓடிவந்தவரும் அதே வரிக்குள் அடக்கம். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் சட்டம் அதுதான், தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. சுவிஸ் பிரஜாவுரிமை பெற்ற நண்பர் தன் பெயரில் வாங்கி உங்களிடம் தந்து வைத்தாலும் இருவருமே குற்றவாளிகள்.

பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு ஒரு வரி போதும்: 1987 ஹங்கர்ஃபோர்ட் படுகொலைக்குப் பிறகு, 1988 சட்டத்தின்படி .22 விளிம்படி ரவை றைபிள்கள் தவிர்ந்த அரைத் தானியங்கி றைபிள்கள் பொதுமக்களுக்குத் தடை.