வீடு மாறினால் காய்ச்சல் என்னாகும்?

ஒரே வரிசையில் வீடுகள் உள்ள, முடிவே இல்லாத ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருவர். காய்ச்சல் பக்கத்து வீட்டுக்கு மட்டுமே தொற்றும். குணமானவருக்கு மறுபடியும் வரலாம். தெருவில் காய்ச்சல் ஒழியுமா, நிலைத்துவிடுமா? அமெரிக்கக் கணித அறிஞர் தியடோர் ஹாரிஸ் 1974-ல் ஆராய்ந்த கணக்கு கிட்டத்தட்ட இதுதான்.

தண்ணீர் உறையும், மறுபடி உருகும். இங்கே அப்படியில்லை. கடைசி நோயாளியும் எழுந்துவிட்டால் காய்ச்சல் திரும்பி வராது. அதனால்தான் இதைச் சமநிலையற்ற நிலைமாற்றம் என்கிறார்கள்.

ஒரு நோயாளி குணமாவதற்குள் ஒருவருக்கு மேல் தொற்ற வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. சராசரியாக ஏறத்தாழ 3.3 தடவை முயன்றால்தான் காய்ச்சல் பிழைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் ஏற்கெனவே படுத்திருப்பார், முயற்சி வீண். குமாஸ்தா வேலையில், பதிவான மனுவையே மறுபடி பதிவு செய்ததுபோல!

இப்போது அடுத்தடுத்த வீட்டார் அடிக்கடி வீடு மாற்றிக்கொள்ளட்டும். நாங்கள் பள்ளியில் பிரெஞ்சில் 'திஃப்யூசியோன்' என்று படித்தது இதுதான், தமிழில் விரவல். நோயாளிக்குப் புதுப்புது அண்டை வீட்டார் கிடைப்பார்கள். மாற்றம் வேகமாக ஆக, அந்த 3.3 இறங்கி 1-ஐ நெருங்கும். இத்தகைய அதிவேக இடமாற்றத்தை ரிக் டரெட், கிளாடியா நியூஹவுசர் இருவரும் 1994-ல் கணித முறையில் ஆராய்ந்தார்கள்.

எல்லைக்கோடு நகர்ந்தாலும், மாற்றத்தின் குணம் மாறவில்லை. யான்சென் (1981), கிராஸ்பெர்கர் (1982) ஆகியோர் ஊகித்தபடி, இந்த வகை மாற்றங்கள் எல்லாம் எல்லைக்கோட்டருகே ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

வம்பு வந்தது வேறொரு மாதிரியில். 1993-ல் யென்சென் ஆராய்ந்த அதில், துகள்கள் ஜோடியாக இருந்தால்தான் பெருகும், அல்லது இரண்டும் சேர்ந்தே அழியும். தனித் துகள் இருந்த இடத்திலேயே சும்மா கிடக்கும். ஜோடிகள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அதுவும் மேற்சொன்ன குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் துகள்களை நடமாட விட்டதும் கதை மாறிவிட்டது. தனியாட்கள் அலைந்து, சந்தித்து, மறுபடி ஜோடியாகிவிடுகிறார்கள். செத்த ஆட்டம் உயிர்பெறுகிறது.

அப்படியானால் இது பழைய குடும்பமா, புதிய குடும்பமா? 1997-லிருந்து இதில் வாதம். கணினியில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் எண்கள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தன; ஆளுக்கொரு விடை சொன்னார்கள். நான்சி நகரின் ஹென்கலும் ஜெர்மனியின் ஹின்ரிக்சனும் 2004-ல் எல்லா வாதங்களையும் திரட்டி நீண்ட கட்டுரை எழுதினார்கள். தீர்ப்பு மட்டும் அதில் இல்லை.