ஒரு பெட்டியா, மூணு பெட்டியா? - ஒரு ஏர்கான் புராணம்

ஆணி அதிகம் நண்பர்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இப்பவும் வந்ததுக்குக் காரணம் வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்துதான். எங்க வீவக வீட்டு ஏர்கான் மண்டையைப் போட்டுடுச்சு. 'புதுசா வாங்கணும்'னு தங்கமணி சொல்லி முடிக்கறதுக்குள்ள, விலை சொல்ல வந்த கடைக்காரர் "சிஸ்டம் 3 போட்டுருங்க சார், எல்லாரும் அதான் போடறாங்க"ன்னார்.

சிங்கப்பூர்ல இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வெளியில ஒரே ஒரு பெட்டி, அதுலேர்ந்து மூணு அறைக்குக் குழாய் போனா அது சிஸ்டம் 3. ரெண்டு அறைக்குப் போனா சிஸ்டம் 2. நம்ம ஊர்ல போடற மாதிரி ஒரு அறைக்கு ஒரு பெட்டின்னா சிஸ்டம் 1. அவ்ளோதான் மேட்டர்.

எல்லாரும் அதான் போடறாங்க என்பது ஒரு காரணமா? எங்க வீட்டுல பழைய சிஸ்டம் 3 செஞ்ச வேலை எனக்கு மறக்கலை. அதனால 'எதுக்குய்யா இதைக் கண்டுபுடிச்சாங்க?'ன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன்.

2015 செப்டம்பர். சுமத்ராவுலயும் கலிமந்தான்லயும் காடு எரிஞ்சு, புகை மொத்தமும் சிங்கப்பூர் மேல வந்து உக்காந்திருந்தது. அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். அவருக்கு ஆஸ்துமா. ஜன்னல் எல்லாத்தையும் சாத்தி, இடுக்குல ஈரத்துணி வச்சு, ஏர்கானைப் போட்டு அவரைப் படுக்க வச்சிருந்தோம். 24-ந்தேதி ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மறுநாள் பள்ளிக்கூடமே கிடையாதுன்னு அறிவிச்ச அன்னிக்கு ராத்திரி, வெளிப்பெட்டியில இருந்த போர்டு எரிஞ்சு போச்சு. ஹால், எங்க அறை, அப்பா அறை, மூணும் ஒரே நேரத்துல நின்னுடுச்சு. ஜன்னலைத் திறந்தா புகை, மூடினா வேக்காடு. பழுது பாக்குறவர் மூணு நாள் கழிச்சுத்தான் வர முடியும்னுட்டார். அப்பா ராத்திரி முழுக்க நாற்காலியில உக்காந்தே மூச்சு வாங்கினார். விடிகாலையில தெரிஞ்ச நண்பர் வீட்டுக்கு டாக்ஸியில கூட்டிட்டுப் போனோம். அவர் வீட்டுல பழைய மாடல், அறைக்கு ஒரு பெட்டி. அதுல ஒண்ணு ஏற்கனவே ரிப்பேர். ஆனா மத்தது ஓடிட்டிருந்தது.

அந்த 'மத்தது ஓடிட்டிருந்தது'தான் இந்தப் பதிவோட சாரமே.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஏசி வாங்கப் போனா 'ஒரு டன்னா, ஒன்றரை டன்னா'ன்னு கேக்கறாங்களே, அது என்ன டன்? ஏசியோட எடை இல்லை. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதான் ஒரு டன் குளிர்ச்சி. மணிக்கு 12,000 பிடியு. மெஷின் வர்றதுக்கு முன்னாடி பனிக்கட்டிதான் வியாபாரம். பாஸ்டன்லேர்ந்து ஃபிரடெரிக் டியூடர் கப்பல்ல ஐஸ் அனுப்பி, அதை வைக்கிறதுக்குன்னு மெட்ராஸ் கடற்கரையில ஒரு கட்டடம் கட்டினார். நம்ம ஐஸ் ஹவுஸ், இன்னிக்கு விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி போயே போச்சு, அளவு மட்டும் நம்ம கடைக்காரர் வாயில இன்னும் உருகாம இருக்கு :-)

இப்ப நாம சொல்ற ஏர்கண்டிஷனுக்கு ஆரம்பம் 1902. நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகம். காத்துல ஈரம் ஏறி இறங்க, காகிதமும் விரிஞ்சு சுருங்கி, கலர் மேல கலர் சரியா உக்காராம படுத்தியெடுத்தது. அதைச் சரி பண்ண 25 வயசு இஞ்சினியர் வில்லிஸ் கேரியர் போட்டுக் கொடுத்த திட்டம்தான் முதல் படி. 'ஏர் கண்டிஷனிங்'ங்கற பேரை 1906-ல வச்சது ஸ்டூவர்ட் கிரேமர், பஞ்சாலைக்காரங்களுக்கு வேலை செஞ்சவர். கவனிங்க, காகிதமும் நூலும் வேர்க்கக் கூடாதுன்னுதான் இதைக் கண்டுபுடிச்சாங்க. மனுஷன் அப்புறம்தான் லிஸ்ட்டுல வந்தான்.

அமெரிக்காக்காரன் பெரிய வீட்டுக்காரன். கூரைக்குள்ளயும் தரைக்கடியிலயும் தகரக் குழாய் ஓட்டி, வீடு முழுக்க ஒரே காத்து அனுப்பினான். குழாய் ஓட்ட வழியில்லாதவன் ஜன்னல்ல பெட்டியை மாட்டினான். ஜன்னல் பெட்டியில கம்ப்ரஸரும் உள்ளேயே உறுமிக்கிட்டு இருக்கும். அந்தச் சத்தம் தாலாட்டா பழகின தலைமுறை நம்மளோடது.

இதைப் பிரிச்சது ஜப்பான். உறுமுற பாதி வெளியில, குளிர்ற பாதி உள்ளே, நடுவுல ரெண்டு செப்புக் குழாய். தோஷிபா 1961-ல இந்த மாதிரிப் பிரிச்ச மெஷினைக் கொண்டு வந்தது. 1968-ல மிட்சுபிஷி எலெக்ட்ரிக், நீள உருளை மாதிரி ஒரு விசிறியை வச்சு, சுவத்துல ஒல்லியா மாட்டுற பெட்டியைப் போட்டாங்க. இன்னிக்கு உங்க தலைக்கு மேல தொங்குறது அதோட பேரன்தான்.

இங்கதான் முக்கியமான விஷயம். ஜப்பான்காரன் ஏன் அறைக்கு ஒண்ணா வாங்கினான்? 1960-கள்ல அவங்க கனவே மூணுதான்: கலர் டிவி, கார், கூலர். வீடு முழுக்கக் குளிரூட்டற காசு யாருக்கும் இல்லை. இந்த வருஷம் ஒரு அறை, போனஸ் வந்தா அடுத்த அறை. இன்னிக்கும் அங்கே ஏர்கானை 'ஆறு பாய் அறைக்கு இது, எட்டு பாய் அறைக்கு அது'ன்னு தரையில விரிக்கிற தத்தாமிப் பாயை எண்ணித்தான் விக்கறாங்க. ஆறு பாய்னா 2.2 கிலோவாட். வாடகைக்காரங்க வீடு மாறும்போது ஏர்கானைக் கழட்டிக் கையோட கொண்டு போறதும் அங்க சகஜம். அப்படிப்பட்டவனுக்கு அறைக்கு ஒரு பெட்டிதான் சரி. வாங்கறதும் சுலபம், கழட்டறதும் சுலபம். அதனால இன்னிக்கும் ஜப்பான் வீடுகள்ல அதுதான் அதிகம்.

அப்ப ஒரு பெட்டி பல அறை எங்கேர்ந்து வந்தது? வெளியில இடம் இல்லாததும் அதுக்கு ஒரு காரணம். பத்து அறை உள்ள கட்டடத்துல பத்துப் பெட்டியை எங்க மாட்டறது? ஒசாகாவுல 1924-ல ஆரம்பிச்ச டைக்கின் கம்பெனி, 1982-ல வி.ஆர்.வி.ன்னு ஒண்ணைக் கொண்டு வந்தது. ஒரு வெளிப்பெட்டி, பல உள்பெட்டி. எந்த அறைக்கு எவ்வளவு வாயு வேணுமோ அவ்வளவு மட்டும் போகும். பெரிய மெஷின் ரூம் கட்ட இடமில்லாத கட்டடங்களுக்கு அது வரப்பிரசாதம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1981-ல, தோஷிபா வீட்டுக்கான இன்வெர்ட்டர் ஏர்கானைக் கொண்டு வந்திருந்தது. முழு வேகம் இல்லைன்னா நிறுத்தம்னு இருந்த கம்ப்ரஸர், மெதுவாவும் ஓடக் கத்துக்கிச்சு. வீட்டுக்கான ஒரு பெட்டி மூணு அறை மெஷினை இன்னிக்கு ஓட்டறது இந்த ரெண்டு சாமர்த்தியமும் சேர்ந்துதான்.

ஆக, பல அறைக்கு ஒரு பெட்டிங்கறது கரண்ட்டை மிச்சம் பண்ண மட்டும் பொறந்த புள்ளை இல்லை. இடம் இல்லாததுக்கும் அதோட பொறப்புல பங்கு உண்டு.

சிங்கப்பூர்ல அது ஏன் இப்படி வேரோடிச்சுன்னு இப்பப் புரியும். லீ குவான் யூ ஒரு பேட்டியில, தான் பிரதமரானதும் முதல் வேலையா அரசாங்க ஊழியர்கள் உக்கார்ற கட்டடங்கள்ல ஏர்கான் போட்டதாச் சொல்லியிருக்கார். ஆபீஸ்ல குளிர் பழகினவன் வீட்டுலயும் கேப்பான்ல? வீடுன்னா பெரும்பாலும் அடுக்குமாடி. 1960-ல ஆரம்பிச்ச வீவக புளோக் புளோக்கா கட்டித் தள்ளிச்சு. பன்னிரண்டாவது மாடியில வெளிச்சுவத்துல ஆளாளுக்கு ஆணி அடிச்சு நாலு பெட்டி மாட்டினா, கீழே நடக்கறவன் தலைக்கு என்ன கதி? அதனால புதுக் கட்டடங்கள்ல வெளிப்பெட்டி வைக்கன்னே ஒரு திண்டு. திண்டு சின்னது. சின்னத் திண்டுக்கு ஒரே பெட்டி. கடைக்காரர் சொன்ன 'எல்லாரும் அதான் போடறாங்க'வோட சரித்திரம் இவ்வளவுதான்.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். எங்க பழைய மெஷின்ல உள்ளே 9,000, 9,000, 18,000. மொத்தம் 36,000 பிடியு. வெளிப்பெட்டி 28,000 தான். இது ஏமாத்து வேலை இல்லை, எல்லா அறையும் ஒரே நேரத்துல முழு மூச்சா ஓடாதுங்கற நம்பிக்கை. ஒரு பஸ்ஸுல எல்லா டிக்கெட்டும் ஒரே ட்ரிப்புல ஏறாதுங்கற மாதிரி. ஆனா தீபாவளிக்கு வீடு நிறைய ஆளுங்க வந்து மூணையும் போட்டா, மூணும் கொஞ்சம் கொஞ்சம் குளிரும்.

தலைகீழாப் பாத்தா இன்னொரு சிக்கல். ராத்திரி ஒரே ஒரு சின்ன அறை மட்டும் ஓடுது. பெரிய கம்ப்ரஸர் எவ்வளவு மெதுவா ஓடினாலும் அந்த அறைக்கு அதிகமா இருக்கலாம். அப்ப அது நின்னு நின்னு ஓடும். கரண்ட்டும் வீண், காத்துல ஈரமும் சரியா இறங்காது. சில்லுன்னு இருக்கும், ஆனா பிசுபிசுன்னு இருக்கும். தனிப்பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, அறைக்கு ஏத்த சைஸ்ல கம்ப்ரஸர் இருக்கும்.

அப்புறம் வாயு. மூணு அறைக்கும் ஓடறது ஒரே வாயு. ஒரு அறை முட்டுல ஒழுகினா மூணு அறையும் போச்சு.

எல்லாத்தையும் விட எனக்கு வலிச்சது இதுதான். எங்க பழையது ஆர்-410ஏ வாயு மாடல். புவி வெப்பமாக்குற குணத்துல கரியமில வாயுவை ஒண்ணுன்னு வச்சா அது 2,088. 2012-லேர்ந்து வீட்டு மெஷின்கள்ல வர ஆரம்பிச்ச ஆர்-32 வெறும் 675. சிங்கப்பூர்ல 2022 அக்டோபர்லேர்ந்து 750-க்கு மேல உள்ள வாயு போட்ட வீட்டு ஸ்ப்ளிட் ஏர்கானைப் புதுசா விற்பனைக்கு விடக் கூடாது. நல்ல சட்டம், தப்பு சொல்லலை. ஆனா எங்க வெளிப்பெட்டி செத்ததும், நல்லா இருந்த மூணு உள்பெட்டியும் உடன்கட்டை ஏறிடுச்சு. தனித்தனியா இருந்திருந்தா ஒண்ணு மட்டும்தான் போயிருக்கும்.

அப்ப தனிப்பெட்டிதான் உசத்தின்னு தீர்ப்பு சொல்லிடலாமா? அவசரப்படாதீங்க. சொந்த நிலத்துல வீடு, மொட்டை மாடி, பின்பக்கச் சுவர்னு தாராளமா இடம் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு அறைக்கு ஒண்ணு போடுங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் அப்படித்தான் போடறோம், அதுல ஒரு ஞானம் இருக்கு. ஆனா வெளியில ஒரே திண்டு, மேல கீழ வேற குடும்பம்னா, ஒரு பெட்டி பல அறைதான் மரியாதை. அந்தச் சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லையே.

நான் என்ன பண்ணினேன்? டேப்பை எடுத்துக்கிட்டுப் போய்த் திண்டை அளந்தேன். ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு பெட்டிக்கு இடம் இருந்தது. மூணுக்கு இல்லை. வீவக விதியையும் படிச்சு, அனுமதி உள்ள ஆளைத்தான் மாட்டச் சொன்னேன். ஹாலுக்கும் எங்க அறைக்கும் சேர்த்து ஒரு சிஸ்டம் 2. மூணாவது அறைக்குத் தனியா ஒண்ணு. சிஸ்டம் 3-ஐ விடக் காசு கொஞ்சம் கூடத்தான். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். தங்கமணி பாக்கலை, அவளுக்குத் தெரியும்.

அப்பா 2019-ல ஊர்ல போய்ச் சேர்ந்துட்டார். வேற காரணம், ஆஸ்துமா இல்லை. இப்ப அந்த மூணாவது அறையில அம்மா படுக்கறாங்க. ஹால் மெஷின் நின்னாலும் அவங்க அறை ஓடும். அவங்க அறை நின்னா ஹால்ல படுக்கலாம். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு சரித்திரம் படிச்சேன்னு வச்சுக்கங்க.

வாங்கப் போறவங்க 'எத்தனை டன்'னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கங்க. வெளியில எவ்வளவு இடம்? ஒரே நேரத்துல எத்தனை அறை ஓடும்? நின்னு போனா வீட்டுல யாருக்கு மூச்சு முட்டும்? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர்கிட்ட விடை இருக்காது.

வர்ட்டா.

டிஸ்கி: புகைக் காலத்துல ஏர்கான் வெளிக்காத்தைச் சுத்தம் பண்ணி உள்ளே அனுப்புதுன்னு நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன். சாதாரண ஸ்ப்ளிட் மெஷின் உள்ளே இருக்கிற காத்தையே திரும்பத் திரும்பக் குளிர வைக்குது, அவ்வளவுதான். செப்புக் குழாய்ல போறது வாயு, காத்து இல்லை. ஆஸ்துமாக்காரங்க வீட்டுல இருந்தா காத்து வடிகட்டி தனியா வாங்கி வைங்க.