வீதி உடைவது மேலிருந்தல்ல, கீழிருந்து



போன மாரியில் நமதூர் காபட் வீதி மூன்று இடத்தில் உடைந்தது. உடனே எல்லாரும் கொந்தராத்துக்காரரைத்தான் ஏசினோம். அவர் பக்கம் பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு வீதி ஏன் உடைகிறது, அதைப் பராமரிக்கும் கடமை யாருடையது என்ற கேள்விகள் இருநூறு வருடம் பழையவை. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு இன்று நாம் பஸ்ஸில் போகும் பாதை, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் 1820களில் வெட்டப்பட்டது. பொறுப்பாக இருந்த பொறியியலாளர் கப்டன் டோசன். கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அவர் நினைவாகக் கட்டியது. ஆனால் கல்லைச் சுமந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. அவர்களில் பெரும்பகுதியினர் இராஜகாரிய முறையில் கூலியில்லாமல் வேலைக்குப் பிடிக்கப்பட்ட சாதாரண கிராமத்து மக்கள். 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அதோடு ஒரு புதிய சிக்கல் வந்தது. போட்ட பாதையைச் செப்பனிட ஆள் எங்கே, பணம் எங்கே?

இந்த இடத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோன் லௌடன் மக்கடம். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதி வீதிகளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர். அதற்கு முன்பு நல்ல வீதி என்றால் அடியில் பெரிய பாறைக்கற்கள் வேண்டும் என்றே நினைத்தார்கள். மக்கடம் அதை மறுத்தார். பாரத்தைத் தாங்குவது கல்லல்ல, கீழே உள்ள மண்தான். அந்த மண் காய்ந்திருக்கும் வரை எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பது அவர் வாதம். ஆகவே வீதியைச் சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்த்தி, நடுவில் சற்று மேடாக்கி, இரு பக்கமும் வடிகான் வெட்டினார். மேலே சின்னதாக உடைத்த கூர்முனைக் கற்களைப் பரப்பினார். ஒரு கல் ஆறு அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் விதி. வண்டிகள் ஓட ஓட அந்தக் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இறுகும். நாம் இன்றும் 'மக்கடம்' என்று சொல்வது இவர் பெயரைத்தான்.

மக்கடம் வீதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருடாவருடம் கவனிக்க வேண்டும். கவனிக்க ஆளும் வேண்டும், காசும் வேண்டும். இலங்கையில் இந்தக் கேள்வி இரத்தத்தில் போய் முடிந்தது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் வீதிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வயது வந்த ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். இராஜகாரியம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் கோப்பித் தோட்டத் துரைமாரின் வண்டிகள் ஓடுவதற்காக! துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி எல்லாம் சேர்ந்து மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். வேறு வரிகள் கைவிடப்பட்டன. வீதி வரியோ பல பத்தாண்டுகள் நீடித்தது. மக்கள் வெறுத்தது வீதியை அல்ல. தங்களிடம் கேட்காமல், தங்களுக்குப் பயன் தராத பாதைக்குத் தங்கள் முதுகை வளைக்கச் சொன்னதைத்தான்.

அடுத்த மாற்றம் மோட்டார் வாகனத்தோடு வந்தது. ரப்பர் டயர் கற்களுக்கு இடையிலுள்ள தூளை உறிஞ்சி எடுத்தது. வீதி தூசியாய்ப் பறந்தது. அதனால் கல்லைத் தாரால் பிணைத்தார்கள். 1902இல் இங்கிலாந்தில் ஹூலி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய காபட் அதன் பேரப்பிள்ளை. ஆனால் தார் வந்தாலும் மக்கடம் சொன்ன விதி மாறவில்லை. வெயிலில் தார் காய்ந்து வெடிக்கிறது. வெடிப்பால் தண்ணீர் இறங்குகிறது. கீழே கிரவல் இளகுகிறது. அதன்மேல் மணல் டிப்பர் ஒன்று போனால் குழி ரெடி. அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடத்திய பரிசோதனை காட்டியது.

அதனால்தான் நன்றாக நடக்கும் நகரங்கள் குழி விழும் வரை காத்திருப்பதில்லை. வெடிப்பு சின்னதாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைக்கிறார்கள். குழி விழுந்தால் ஓரங்களை நேராக வெட்டி, சுத்தம் செய்து, தார் பூசி, கலவையை இட்டு இறுக்குகிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை மேற்படையை மட்டும் புதுப்பிக்கிறார்கள். அடித்தளம் கெட்ட பின் செய்வதோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் செலவு சொற்பம்.

இப்போது நமக்கு வருவோம். நம்முடையது மணல் பூமி. மாரியில் நிலத்தடி நீர் காலுக்குக் கீழே வந்துவிடும். மக்கடம் நம்மூருக்கு வந்தால் காபட்டைப் பார்க்க மாட்டார், வடிகானைத்தான் பார்ப்பார். அங்கே அவர் காண்பது என்ன? கேற்றுக்கு முன்னால் மண் போட்டு மூடிய கான். பம்பர்ஸும் சொப்பிங் பேக்கும் அடைத்த மதகு. தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடிய பள்ளம். பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அடைபட்ட கானும் இடையூறுதான்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாணத்துக்கு. நம் உள்வீதிகள் உள்ளூராட்சி சபைக்கு. ஆளை மாற்றிக் கேட்டால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

1848இல் கேட்காமலே வேலை வாங்கினார்கள். இன்று நாம் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். கேட்கும் உரிமை நம் கையில். ஆகவே ஒரு வேண்டுகோள். மாரி தொடங்க முன் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு பேர் சேர்ந்து, அடைபட்ட கானையும் வெடிப்பையும் படம் எடுத்து, இடம் குறித்து கொமண்டில் போடுங்கள். ஒரே பட்டியலாக்கிப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் ஊடாக சபைக்குக் கொடுப்போம். அடுத்த முறை புது காபட் கேட்கும்போது, முதலில் வடிகான் கேட்போம்.