கழுத்தால் பாரம் தூக்கல்

கழுத்தால் பாரம் தூக்கல் என்பது, தலையில் பூட்டிய வாரிலோ பிடரியில் ஏற்றிய கல் வளையத்திலோ சுமையைத் தாங்கிக் கழுத்தின் தசைகளையும் எலும்புகளையும் முதன்மையாகக் கொண்டு நிகழ்த்தப்படும் பலப்பரீட்சைகளுக்குரிய பொதுப் பெயர். பாரத்தைக் கழுத்தின்மேல் ஏற்றி நிற்பது ஒரு வகை. கீழே கிடக்கும் பாரத்தைச் சங்கிலியால் தலையோடு பிணைத்துக் குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்து மேலே எழுப்புவது மற்றொரு வகை. முன்னதில் ஏழு கழுத்தெலும்புகளும் தூண்போல் அடுக்கி நின்று சுமையை முதுகெலும்புக்கு இறக்கிவிடுகின்றன. பின்னதிலோ தலையைப் பின்னோக்கி இழுக்கும் பிடரித் தசைகளே வேலையைச் செய்தாக வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், பழைய சாகசச் செய்திகளில் காணும் எடைக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் வேலையாக முடிகிறது.

இந்தக் குழப்பத்தைச் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்த முன்னோடி, நியூட்டனின் உதவியாளராக விளங்கிய தெசகுலியே (1683–1744) என்னும் பௌதிக அறிஞர். அவர் காலத்தில் ஐரோப்பாவில் பலசாலிகள் சந்தைதோறும் வித்தை காட்டிப் பொருள் ஈட்டி வந்தனர். அவர்களுடைய வாரும் சங்கிலியும் எந்த எலும்பில் பொருந்துகின்றன, முழங்கால் எவ்வளவு மடிகிறது, கைகள் எதை ஊன்றுகின்றன என்பவற்றைக் கூர்ந்து நோக்கிய அவர், இடுப்பெலும்பின் வளைவிலும் நிமிர்த்திய கால்களிலும் பாரத்தை இறக்கிவிட்டால் சாமானியன் ஒருவனும் அதிசயிக்கத்தக்க எடையைத் தாங்க முடியும் என்று நிரூபித்துக் காட்டினார். லண்டன் நகரத்துத் தாமஸ் டோபாம் ஒருவனை மாத்திரம் இந்தச் சந்தேகத்துக்கு அவர் விலக்காக வைத்தார். ஏனெனில் டோபாமுக்குத் தந்திரம் எதுவும் தெரியாது. குதிரைகளை எதிர்த்து இழுத்தபோதும் சரியான நிலையில் அமரத் தெரியாமல் காலில் காயமுற்றவன் அவன். அந்த டோபாம் 1741 மே 28-ஆம் தேதி, போர்ட்டோ பெல்லோவைக் கைப்பற்றிய அட்மிரல் வெர்னனைக் கௌரவிக்கும் பொருட்டு, ஒரு மரமேடைமேல் நின்று, தோளின் வழியாகச் சென்ற கயிற்றில் பிணைத்த மூன்று பெரிய நீர்ப்பீப்பாய்களைத் தரையைவிட்டுப் பல அங்குலம் எழுப்பினான். அவற்றின் எடை 1,836 பவுண்டு, அதாவது 830 கிலோகிராமுக்குச் சற்று மேல். இதனைக் கழுத்துப் பாரம் தூக்கும் மரபின் ஆதி நிகழ்ச்சியாகக் கொள்ளத் தோன்றினாலும், உண்மையில் அது தோளும் காலும் சேர்ந்து செய்த வேலையே என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். 1803-இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் இரும்புச் சட்டத்தைத் தோளில் ஏற்றி, அதன்மேல் பத்துப் பேருக்கு மேல் அமர்த்தி நடந்து காட்டிய பெல்சோனி என்னும் இத்தாலியன், பிற்காலத்தில் எகிப்து சென்று பிரமிடு ஒன்றைத் திறந்து புதைபொருள் ஆராய்ச்சியாளனாகப் புகழ்பெற்றான் என்பது இந்தச் சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

பாரத நாட்டில் கழுத்தின் பலம் காட்சிப்பொருளாக வளரவில்லை. கோதாவின் தேவையாக வளர்ந்தது. மண்ணில் முதுகு பட்டால் தோல்வி என்னும் விதியுடைய மல்யுத்தத்தில், கவிழ்க்கப்படும் பயில்வானுக்குக் கடைசி அரண் கழுத்தே. தலையை ஊன்றி உடலை வில்லாக வளைத்துத் தோள்களைத் தரைபடாமல் காப்பதற்கும், எதிரியின் கழுத்துப் பிடியை உதறுவதற்கும் அது வலிமை பெற்றிருக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ மல்லர்க்குரிய வியாயாமங்களுள் பாரசிரமம் என்னும் சுமைப் பயிற்சியைக் கூறுகிறது. கூர்ச்சரத்து மோதேராவைச் சார்ந்த ஜ்யேஷ்டிமல்லர்களின் ‘மல்லபுராணம்’ கோணிதகம் என்ற பெயரில் பெரிய கல்வளையப் பயிற்சியைக் குறிக்கிறது. அந்த மல்லர் குலத்தின் கிளையினரான ஜெட்டிகள் தெற்கே மைசூர் வரை வந்து குடியேறியவர்கள். தசரா விழாவில் அவர்கள் நடத்தும் வஜ்ரமுஷ்டி என்னும் மற்போர் இன்றும் நடைபெறுகிறது.

அக்காடா எனப்படும் வட இந்திய மற்பயிற்சிக் கூடங்களில் அந்தக் கல்வளையம் ‘கர் நால்’ எனப்படும். நடுவில் துளையிட்ட வட்டக்கல்லைத் தலைவழியே இறக்கிப் பிடரியிலும் தோளிலும் பொருந்த மாட்டிக்கொண்டு, அதனோடு தண்டாலும் பஸ்கியும் எடுப்பதே முறை. இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. எத்தனை எடையைத் தூக்கினான் என்பது இங்கே கேள்வியன்று. எடை கழுத்தில் இருக்க, எத்தனை பஸ்கி எடுத்தான் என்பதே கேள்வி. மேல்நாட்டான் ஒரு கணத்து வெற்றியை எண்ணினான். அக்காடாவின் உஸ்தாதோ தினசரிச் சாதனையை எண்ணினார். ‘மகா காமா’ என்று உலகறிந்த குலாம் முகமது (1878–1960) பஸ்கி எடுக்கப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும், நூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள வளையம் ஒன்று பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. கழுத்தணியின் பெயரைக் கொண்டு அதனை ‘ஹஸ்லி’ என்பர். 1910-இல் லண்டனில் காமாவை எதிர்த்த ஸ்பிஸ்கோ என்னும் போலந்து வீரன், இரண்டரை மணி நேரம் குப்புறப் படுத்தே கிடந்து தோல்வியைத் தவிர்த்தான். 1928-இல் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிஷத்துக்குள் வீழ்ந்தான்.

ஆந்திரத்தில் பிறந்து சென்னைச் சைதாப்பேட்டை உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற கோடி ராமமூர்த்தி (1882–1942) மேற்கண்ட இரு மரபுகளையும் இணைத்தவர். மார்பில் சுற்றிய இரும்புச் சங்கிலியை மூச்சை நிரப்பி அறுப்பதும், மார்பின்மேல் யானையை நிறுத்துவதும் அவருடைய சர்க்கஸின் பிரசித்தமான காட்சிகள். அவரைக் ‘கலியுக பீமன்’ என்று ஜனங்கள் அழைத்தார்கள்.

தமிழ்நாட்டில் மற்போரின் பெருமை பழையது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தி புறநானூற்றில் உண்டு. பல்லவன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற விருதுப்பெயர் பூண்டான். ஆயினும் தலைவார் கட்டித் தூக்கும் வித்தை இங்கே தனிக்கலையாக வேரூன்றியதாகத் தெரியவில்லை. தென்பாண்டி நாட்டு இளவட்டக்கல்லில் கழுத்துக்கு ஓர் இடம் உண்டு. உருண்டைக் கல்லை முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றித் தோளில் வைத்த பிறகு, பிடரி வழியாகப் பின்புறம் உருட்டிவிட வேண்டும். அந்த ஒரு கணம் முழுப் பாரமும் கழுத்தடியில் அமர்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் 45 முதல் 129 கிலோ வரையுள்ள கற்கள் தூக்கப்படுகின்றன.

தொண்டை மண்டலத்தில், ஆரணிப் பட்டு நெய்யும் சேத்துப்பட்டுப் பிரதேசத்தில், இளவட்டக்கல்லுக்கு அத்தகைய செல்வாக்கு இல்லை; பலத்தின் தெய்வமாக இங்கே வாழ்பவன் பீமன். திரௌபதியம்மன் கோயில்களின் அக்கினி வசந்த விழாவில் பகாசுரனுக்குச் சோற்று வண்டி ஓட்டி வருவதும், படுகளத்தில் துரியோதனனை வீழ்த்துவதும் அவனே. இரவில் நடக்கும் தெருக்கூத்தில் மர அணி பூணும் கட்டை வேஷக்காரர்கள் தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு விடியும்வரை சுழன்று ஆடுகிறார்கள். கலியாண முருங்கை மரத்தில் செதுக்கியவையாதலால் அவை கனமற்றவை என்று சொல்பவர், அவற்றைத் தலையில் தாங்கி ஒரு நாழிகை சுழன்று பார்க்கலாம். சற்று வடக்கே காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையில் வாகனத் தண்டைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கு, கழுத்தும் தோளும் கூடுமிடம் காய்த்துப் போகிறது. தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தம் தலையைப் பாவின்மேல் பகல் முழுதும் கவிழ்த்திருக்கும் நெசவாளரும் கழுத்தால் பாரம் தாங்குபவரே. அதற்கு மாத்திரம் பந்தயமும் பரிசும் ஏற்படவில்லை.

மீண்டும் மேல்நாட்டு மரபுக்கு வருவோமானால், அமெரிக்காவில் மல்யுத்த ஆசான் ‘ஃபார்மர்’ பர்ன்ஸ் (1861–1937) இருபது அங்குலக் கழுத்தைப் பயிற்சியால் உண்டாக்கி, தூக்குக் கயிற்றில் ஆறடி விழுந்தும் சீட்டியடித்தபடி உயிரோடு இறங்கிக் காட்டினார் என்பர். இது பின்பற்றத்தக்க பயிற்சி அன்று. 1987-இல் அமெரிக்காவில் தோன்றிய சர்வாங்கப் பளுதூக்கும் சங்கம், தலைவாரும் சங்கிலியும் கொண்டு தூக்குவதைத் தன் பந்தய முறைகளுள் ஒன்றாக ஏற்று, சாதனைகளைப் பதிவு செய்து வருகிறது.

பல்லால் இழுக்கும் சாகசமும் இதன் நெருங்கிய உறவே. தாடை கௌவினாலும் இழுவிசையை உடலுக்குக் கடத்துவது கழுத்துத்தான். அதில் உலகச் சாதனை படைத்தவர் மலேசியத் தமிழரான வேலு ராதாகிருஷ்ணன். 2003-இல் 260.8 டன் ரயிலை 4.2 மீட்டர் இழுத்த அவர், 2007 ஆகஸ்டில் கோலாலம்பூர்ப் பழைய ரயில் நிலையத்தில் 297 டன் ரயிலை நகர்த்தினார். தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளுவதற்கு எடையில் மிகச் சிறு பங்கு விசையே போதுமாதலால், அந்த 297 டன்னும் அவர் கழுத்தில் இறங்கியதாக எண்ணலாகாது. நிலையாக நிற்கும் ரயிலை முதன்முதல் அசைப்பதே கடினம். அசைந்த பின் அது சென்ற தூரம் 2.8 மீட்டர்.