சலங்கையும் பட்டுச் செருப்பும்

பெங்களூரில் இருக்கும் என் தங்கை சென்ற மாதம் தீர்த்தமலைக்கு வந்திருந்தாள். தன் எட்டு வயது மகளை அங்கே ஒரு பாலே நடன வகுப்பில் சேர்த்திருக்கிறாளாம். வகுப்புக்கு வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலை வாசித்துக் காட்டினாள். உடம்போடு ஒட்டிய சட்டை, நீண்ட காலுறை, மெல்லிய தோல் செருப்பு ஒரு ஜோடி, கொண்டை ஊசிகள். திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் அத்தை, "ஏன்டி, நாட்டியம் என்கிறாய்; சலங்கையைக் காணோமே? செருப்புப் போட்டுக்கொண்டு யாராவது ஆடுவார்களோ?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தை கேட்டதில் தவறில்லை. தீர்த்தகிரீசுவரரைத் தரிசிக்க மலையேறுகிறவர்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். கோயிலில் பிறந்த கலைக்குச் செருப்பு எங்கிருந்து வரும்? ஆனால் பாலே பிறந்தது அரண்மனையில். பிரெஞ்சு ராஜசபையில் பிரபுக்களும் சீமாட்டிகளும் குதிகால் உயர்ந்த பாதரட்சையோடும் தரையைக் கூட்டும் பாவாடையோடும் ஆடிய ஆட்டம் அது.

அந்தப் பாவாடையின் மேல் முதலில் கை வைத்தவர்களில் ஒருத்தி மாரி கமார்கோ. 1726-ல் பாரிஸ் மேடைக்கு வந்தவள். காற்றில் குதித்துக் கால்களை மாற்றி மாற்றிப் பின்னுவதில் கெட்டிக்காரி. அத்தனை சாமர்த்தியமும் துணிக்குள் மறைந்துபோனால் என்ன பிரயோசனம்? பாவாடையைக் கணுக்கால் தெரியும் அளவுக்குக் குறைத்தாள். பாதரட்சையின் குதிகாலையும் நீக்கினாள். சில அங்குலத் துணிதான். அது அன்று ஊரெல்லாம் பேசும் விஷயமாகிவிட்டது.

1832-ல் மாரி தாலியோனி 'லா சில்ஃபீட்' நடனத்தில் வெள்ளை மெல்லாடையுடன் விரல் நுனியில் நின்றாள். அவளுடைய செருப்பு வெறும் பட்டுத் துணி. ஓரங்களை நூலால் தைத்து உறுதி செய்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்று விரல் நுனியில் ஆடுவதற்கென்று செய்யும் செருப்பில் துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக இறுக்கி முனையைக் கெட்டிப்படுத்துகிறார்கள். இரும்போ கட்டையோ உள்ளே இருப்பதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், இல்லை. ஒட்டிய சட்டைக்கும் ஒரு கதை உண்டு. ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவிய பிரெஞ்சு வித்தைக்காரர் ஜூல் லியோதார் அணிந்த உடை, 1870-ல் அவர் இறந்த பிறகு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

தாலியோனியின் சிஷ்யை எம்மா லிவ்ரியின் கதையை மட்டும் என்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அந்தக் காலத்து மேடைகளில் காஸ் விளக்குகள் எரிந்தன. நடனக்காரிகளின் உடையில் தீப்பற்றுவது அடிக்கடி நடந்தது. துணியை மருந்தில் தோய்த்தால் தீப்பிடிக்காது என்று தெரிந்து, அப்படியே செய்ய வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். ஆனால் மருந்திட்ட துணி விறைத்துப்போகும், வெண்மை மங்கிவிடும். எம்மா மறுத்துவிட்டாள். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது அவள் பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் துடித்து 1863 ஜூலையில் இறந்தாள். வயது இருபதுதான். பிடிவாதக்காரி என்று சொல்லிவிடலாம். ஆனால் மங்கிய உடையோடு வந்தால் முகம் சுளிக்கக்கூடிய ரசிகர்களுக்கு அதில் பங்கு இல்லையா?

நம் ஊர்க் கதை இதோடு வந்து கலக்கிறது. 1928-ல் ருக்மிணி தேவி பம்பாயில் ருஷ்ய நடனராணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருவரும் சிநேகிதிகளானார்கள். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று வழிகாட்டியவரும் பாவ்லோவாதான். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்று, 1935-ல் அடையாற்றில் அரங்கேறினார் ருக்மிணி தேவி. அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரம் பிறந்தது.

சதிர் ஆடிய பெண்கள் காற்சட்டையின் மேல் புடவையைச் சுற்றிக் கொசுவம் வைத்து ஆடினார்கள். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்து, ஓர் இத்தாலியத் தையற்காரியின் உதவியோடு, அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறிபோல் விரியும் தைத்த உடையை உண்டாக்கினார். பாலசரஸ்வதியோ கடைசிவரை புடவையையே விடவில்லை. இரண்டும் அழகுதான். ஆனால் ஒன்று மனத்தை உறுத்துகிறது. ராக்கொடியும் ஒட்டியாணமும் தலைசாமானும் நடுத்தர வீட்டுப் பெண்களிடம் வந்து சேர்ந்தன. 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த சட்டம் வேண்டியதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த நகைகளை அணிந்து ஆடிய குலத்துப் பெண்களில் அநேகர் மேடைக்கு வெளியே நின்றுவிட்டார்கள். நகைக்குக் கிடைத்த மரியாதை அதை அணிந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

குழந்தைக்குச் சாமான் வாங்கப் போகும் தாய்மாருக்கு இந்தச் சரித்திரத்தால் ஒரு பிரயோசனம் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும்போது, வளருகிற பிள்ளை என்று ஒரு சுற்றுப் பெரிதாகவே செருப்பு வாங்குவது நம் வழக்கம். பாலேக்கு அது ஆகாது. பாதத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். விரல் நுனிச் செருப்பை எலும்பு பலப்படாத சிறு வயதில் வாங்கவே கூடாது; ஆசிரியை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பரதம் பயில்கிறவளுக்குப் பட்டு வேண்டாம். முழங்காலைச் சற்றே தாண்டும் பருத்திப் புடவை போதும். சலங்கை அவசரமில்லை. அடவு கைவந்த பிறகு, குரு பூஜை செய்து எடுத்துக் கொடுக்கும்போது கட்டிக்கொண்டால் போதும். அதுவரை தட்டுக்கழியின் ஓசைக்குக் கால் பழகட்டும். எதை வாங்கினாலும், அதைப் போட்டுக்கொண்டு குழந்தையால் தாராளமாக மூச்சு விடவும் குதிக்கவும் முடிகிறதா என்று கடையிலேயே அவளிடம் கேட்டுவிடுங்கள்.