ரம்பமும் உரிமமும்

புணே நகரின் வடமேற்கே, முளா நதியை ஒட்டி ஔந்த் என்னும் பகுதி இருக்கிறது. சாதாரா ஜில்லாவில் பந்த் பிரதிநிதிகள் ஆண்டுவந்த ஔந்த் சமஸ்தானத்தை நேயர்கள் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு. ஔந்துக்குச் செல்லும் கணேஷ்கிண்ட் சாலை ஆலமரங்களுக்குப் பேர் பெற்றது. அச்சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் விவகாரம் 2023-ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்றது. மரத்தை வெட்டலாமா என்று கேட்க நம் நாட்டில் சட்டமும் உண்டு, மன்றமும் உண்டு. வெட்டுகிறவன் கையில் இருப்பது என்ன, அதை ஆளும் தொழில் அவனுக்குத் தெரியுமா என்று கேட்பார் எவருமிலர். இந்த வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-இல் பிறந்தது. மர அதிகாரியின் அனுமதியின்றி நகரில் ஒரு மரத்தையும் வீழ்த்தலாகாது என்பது அதன் சாரம். 2021-இல் அதைத் திருத்தி, ஐம்பது ஆண்டு கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று வகுத்தனர். காடுகளைப் பொறுத்தவரை, பெரிய மாறுதலுக்குக் காரணமாக அமைந்தது நமது நீலகிரியேயாகும். கூடலூர்க் காடுகள் அழிவது கண்டு, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 12-ஆம் நாள் பிறந்த ஆணை, மத்திய சர்க்காரின் ஒப்புதலின்றிக் காட்டுக்குள் நடந்த மர அறுவை ஆலைகளை நிறுத்தச் செய்தது. பின்னர் வந்த ஆணைகள் புதிய ஆலைகள் தோன்றுவதற்கும் கடிவாளம் இட்டன.

ஆக, மரத்துக்கு அனுமதி, ஆலைக்கு உரிமம் என்பது நம் சட்டம் சென்ற வழி. அதில் நியாயமும் உண்டு. மரம் ஆலையைத் தேடிச் சென்ற காலத்தில், ஆலை வாசலில் காவல் வைத்தால் போதுமானதாக இருந்தது. ஆனால் ரம்பமே ஒருவன் தோளில் ஏறி மரத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டதே!

அந்தக் கருவியின் பிறப்பு விந்தையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுப்பதற்காகப் பற்கள் கொண்ட சங்கிலியைக் கையாண்டனர். மரத்துக்கு அது வந்தது 1920-களில்தான். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சார ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோல் ரம்பத்தையும் செய்தார். அவை இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம் உடையவை. ஒருவரே கையாளும் இலகுவான ரம்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவிற்று.

இலகுவானது என்பதால் எளியதன்று. சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அலகின் நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டுவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் அறுப்பவன் முகத்தை நோக்கித் துள்ளுகிறது. புயலில் சாய்ந்த மரம் இன்னும் கொடியது. வளைந்து கிடக்கும் கிளை வில்லைப் போல் விசை ஏறியிருக்கும், அடிமரத்தை அறுத்தவுடன் வேர்த்தட்டு திடீரென்று நிமிர்ந்துவிடும். எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்து அறுக்கத் தெரிய வேண்டும். இதனைக் கடையில் ரம்பம் விற்பவர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

பிற நாடுகள் என்ன செய்தன? பிலிப்பைன்ஸ் 2002-இல் சங்கிலி ரம்பத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் அங்கே குற்றம். இலங்கையில் 2019-இன் தொடக்கத்தில், மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது, ரம்பம் வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டுமென அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டும் காட்டைக் காக்க எழுந்த ஏற்பாடுகள். ஐரோப்பாவில் கதை வேறு. ஜெர்மனியில் அரசுக் காட்டில் சொந்தமாக விறகு அறுத்துக்கொள்ள விரும்பும் குடியானவரும் பயிற்சிச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே காக்கப்படுவது கையும் காலும்.

இவ்விரு நோக்கங்களையும் ஒன்றாகக் கலப்பதனால்தான் நம்மிடையே விவாதம் தெளிவடைவதில்லை. மரத்தைத் திருடுபவன் உரிமத்துக்காகக் காத்திருக்கமாட்டான். அவனுக்குக் கோடரியும் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, வழிகளைத் திறந்தவை இந்த ரம்பங்களே. அந்நாளில் உரிமைச் சீட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தால் தெருக்கள் அடைபட்டே கிடந்திருக்கும். எனவே, உடைமைக்கு உரிமம் வேண்டும் என்ற வாதம் எனக்கு உடன்பாடானதன்று. கூலிக்கு அறுப்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க இயலாது. ஏனெனில், தலைக்கவசமும் கால்காப்பும் இன்றிக் கிளைமேல் நிற்பவர் அவரே. ஒப்பந்தக்காரர் கீழே நிற்கிறார்.

இதற்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டுவதில்லை. ஔந்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கிளையைக் கழிக்கவும் நகராட்சியின் மர அதிகாரியிடம் விண்ணப்பம் போகிறது. எந்த மரம், எதற்காக என்று கேட்கும் அந்தத் தாளிலேயே, அறுக்கப்போகிறவர் யார், எங்கே பயின்றவர் என்று இன்னுமொரு வரி கேட்கலாம்.